உமணர் வழி: நெய்தலும் பாலையும் கூடும் இடம்

சேலம், நாமக்கல் மாவட்டங்களிலிருந்து முதுகலைத் தமிழ் பயில வரும் மாணவரிடம் பாலையை விளக்குக என்று வினவினால், விடைத்தாள்களிற் பெரும்பாலும் ஒரே ஓவியத்தைக் காணலாம். கண்ணுக்கெட்டிய தூரம் மணல்; மரமில்லை, நீரில்லை; தொலைவில் ஓர் ஒட்டகம். இராசபுத்தானத்தையோ அராபியாவையோ படத்திற் கண்ட நினைவு அகநானூற்றின்மேல் ஏறிக்கொள்கிறது. இவ்விடையை எழுதும் மாணவர் பங்குனி, சித்திரைத் திங்களில் இராசிபுரத்திலிருந்தோ பரமத்தியிலிருந்தோ பேருந்தில் வருபவர். பாலை சன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்க, அதனைச் சிந்து வெளிக்கு அப்பால் தேடுகிறார். குற்றம் மாணவருடையதன்று. பாலை என்னும் சொல்லைப் 'பாலைவனம்' என்று பெயர்த்து, அப்பெயர்ப்பையே மூலப்பொருளாகக் கொண்டுவிட்ட நம் உரைநூல்களும் ஆங்கில மொழிபெயர்ப்புகளும் அதற்குப் பொறுப்பு.

மற்றொரு சாரார் இதற்கு நேர்மாறாகச் செல்வர். தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நான்கனுக்கே நிலமும் தெய்வமும் வகுத்தார். நடுவண் நின்ற பாலைக்கு நண்பகலும் வேனிலுமாகிய பொழுதையே உரைத்தார். பின்பனியும் அதற்குரித்து என்றார். ஆகவே பாலை என்பது புலவர்தம் மனத்திற் கற்பித்துக்கொண்ட வெறும் மரபு, அதற்கு மண்ணில் இடமில்லை என்பது அவர் முடிபு. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையை அவர்க்கு நினைவூட்டல் வேண்டும். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தவிடத்துப் பாலை என்னும் வடிவு கொள்ளும் என்பது ஆண்டுப் பெறப்படும் கருத்து. நிலம் இல்லை என்பதும் தனிநிலம் இல்லை என்பதும் ஒன்றல்ல. ஒரே மண் கார்காலத்தில் முல்லையாய் நின்று வேனிலிற் பாலையாகும் எனின், பாலைக்கு நிலம் இல்லாமற் போகவில்லை. ஆண்டில் சில திங்கள் மட்டுமே அது பாலையாயிருக்கிறது என்பதே பொருள்.

மணலும் ஒட்டகமும் ஆகிய சான்றினை முதற்கண் தீர்த்துவிடலாம். சங்கப் பாட்டில் ஒட்டகம் உண்டு என்பது மெய்யே. அகநானூற்று 245-ஆம் பாட்டாகிய பாலைப்பாட்டில், குன்றின்கண் உலர்ந்து கிடக்கும் வெள்ளென்பைத் தின்று ஒட்டகம் பசி தணிகிறது. ஆனால் சிறுபாணாற்றுப்படையிலும் ஒட்டகம் வருகிறதே! அங்கே அது எயிற்பட்டினத்துக் கடற்கரையில் வருகிறது; அலை கொணர்ந்து குவித்த நறுமண விறகின் குவியலுக்கு உறங்கும் ஒட்டகம் உவமையாகிறது. ஒட்டகத்தைக் கண்டவுடன் பாலைவனம் என்று கூறுவோர் எயிற்பட்டினத்தையும் பாலைவனம் என்று கூறுவரோ? அவ்விலங்கு வாணிகத்தோடு வந்த விலங்கு. வணிகச் சாத்துச் செல்லும் கடற்கரையிலும் அது படுக்கும்; சாத்துச் செல்லும் சுரத்திலும் அது நிற்கும்.

சாத்து என்னும் இச்சொல்லே நம்மைப் பொருளின் நடுவுக்குக் கொண்டு செல்கிறது. நெய்தலும் பாலையும் ஐந்திணையுள் ஒன்றற்கொன்று மிகச் சேய்மைப்பட்டவை என்பது நம் பொது எண்ணம். ஒன்று நீரின் எல்லை, மற்றது நீரற்றது. ஆயினும் இவ்விரண்டையும் ஓடி இணைக்கும் மாந்தர் ஒருவர் உளர். அவர் உமணர் எனப்படும் உப்பு வணிகர். தமிழகத்தின் உள்நாட்டார் எவரும் கடலைக் காணாமல் வாழ இயலும். உப்பின்றி வாழ இயலாது. எனவே கடல் தானே வண்டியேறி உள்நாட்டுக்குச் சென்றது எனலாம்.

அகநானூறு 140-ஆம் பாட்டு அம்மூவனார் பாடியது, நெய்தற்றிணை. உமணர் மகள் ஒருத்தி வளை ஒலிக்கக் கைவீசி, உப்பும் நெல்லும் ஒரே அளவு என்று சேரியில் விலை கூறிச் செல்கிறாள்; அயலாளைக் கண்டு நாய் குரைக்க, அவள் கண் மருள்கிறது; அதனைக் கண்ட தலைவன் தன் நெஞ்சு படும் பாட்டைப் பாங்கனுக்கு உரைக்கிறான். இப்பாட்டை நெய்தற் காட்சி என்று பாராட்டி நாம் அமைந்துவிடுகிறோம். பாட்டின் தொடக்கத்தை மீண்டும் நோக்குக. கழியோரத்துப் பாத்தியில் உழாமலே விளைந்த உப்பை விலை கூறிக்கொண்டு, வெயிலால் பிளந்த குன்றங்களை நோக்கிச் செல்வோர் என்றே உமணரைப் புலவர் அறிமுகப்படுத்துகிறார். நெய்தற்பாட்டின் முதல் அடிகளுள்ளேயே பாலை நுழைந்துவிட்டது. அம்மகளின் தந்தை சேற்றில் அழுந்திய வண்டியை மீட்க வருந்தி இழுக்கும் எருதே தலைவன் நெஞ்சுக்கு உவமையாகிறது. அவள் அழகைக் கண்ட கண், அவள் செல்லும் வழியின் வெம்மையையும் கூடவே கண்டது. அதே புலவரின் 390-ஆம் பாட்டிலும் நெல்லுக்கு உப்பு நேரே என்னும் விலை கூறப்படுகிறது. உப்பு விளையும் இடத்திற்கு நெல்லைத் தேடிப் பிறர் வருவதில்லை. உப்பே நெல்லைத் தேடிச் செல்கிறது.

இவ்வழி எத்தகையது? சென்ற வேனிலில் மரக்காணத்து உப்பளங்களிலிருந்து திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியே சேலம் வரை சாலையிற் சென்று பார்த்தேன். ஏறக்குறைய 250 கிலோமீட்டர். காரில் ஒரு பகலுக்குள் அடங்கும் தொலைவை எருது பூட்டிய வண்டி பத்து அல்லது பன்னிரண்டு நாளிற் கடந்திருக்கும். உப்பளத்தில் கண் கூசும் வெண்மை. அதன்பின் ஏரிப்பாசன வயல்கள். சின்னசேலத்தைத் தாண்டியபின் வடக்கே கல்வராயன் மலையும் தெற்கே பச்சைமலை, கொல்லிமலைத் தொடர்களும் நெருங்கி வர, இடையே வசிட்ட நதி ஓடும் தாழ்நிலம். அந்நதி பின்னர் வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையருகே கடலிற் கலப்பது. ஆறு கடலுக்குச் செல்லும் வழியே உப்பு கடலிலிருந்து மேலேறி வருதற்கும் இயல்பான வழியாதல் வெளிப்படை. இதுவே சங்ககால உமணர் சென்ற வழி என்று நாட்ட யான் முற்படவில்லை. பெண்ணையாற்றங்கரை வழியே செங்கம் கணவாய்க்கும், காவிரிக்கரை வழியே கருவூருக்கும் வேறு வழிகள் உள. நிலம் காட்டும் ஒழுங்கினை மட்டும் குறிக்கிறேன்.

சேலத்துச் சமவெளி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தது. மேற்குத் தொடர்மலையின் மழைமறைவில் இருப்பது. தை முதல் சித்திரை வரை வானம் பெரும்பாலும் பொய்த்திருப்பது. திருமணிமுத்தாறு அக்காலத்தில் நீரோட்டம் சுருங்கிய படுகையாய்க் கிடக்கும். வெள்வேலும் உசிலையும் கள்ளியும் நிற்கும் கரட்டு மேடுகள். இடையிடையே தனிப்பாறைக் குன்றுகள். குன்றின் இடுக்கிற் சிறு சுனை. மணற்காடு என்று இதனை எவரும் கூறார். அதே கரட்டில் ஐப்பசியில் புல் முளைத்து ஆடு மேயும். அப்பொழுது அது முல்லை. அகநானூற்றுப் பாலைப்பாட்டுகளில் வரும் கல்லும் சுனையும் உலர்ந்த கிளையும் ஆனிரையும் இங்கே ஒவ்வொன்றாய் எண்ணிக்கொள்ளத்தக்கவை.

இனி, பாலைப்பாட்டில் உமணர் எவ்வாறு வருகின்றனர் என்பதை ஆராய்வாம். ஆமூர்க் கவுதமன் சாதேவனார் பாடிய 159-ஆம் பாட்டில், உப்பு வண்டியோடு வந்த உமணர் எருதுகளை அவிழ்த்துவிட்டு இளைப்பாறிச் சமைத்து உண்டு போய்விட்டனர். அவர் விட்டுச்சென்ற அடுப்புக்கல்லில், ஆனிரை கவர்ந்து வந்த வில்லேந்திய ஆடவர் ஊன் புழுக்கி உண்கின்றனர். குடவாயிற் கீரத்தனாரின் 119-ஆம் பாட்டிலும் அதே அடுப்பு, உண்போர் மழவர். குறுந்தொகை 124-ஆம் பாட்டில், பாலை பாடிய பெருங்கடுங்கோ, உமணர் தங்கிச் சென்றபின் வெறிச்சோடிய இடத்தைக் காட்டுகிறார். ஓமை மரங்கள் நிற்கும் பெருங்காடு, குடிகள் நீங்கிய பாழூர் போன்று கிடக்கிறது.

நெய்தலில் உமணர்க்குக் குரல் உண்டு; விலை கூறும் ஒலி உண்டு; வளையோசை உண்டு. ஆற்றுப்படைகளில் அவர் குடும்பத்தோடு செல்கின்றனர். பெரும்பாணாற்றுப்படையில் வண்டியிற் கோழிக்கூடும் காடி வைத்த கலமும் உள. குழந்தையையுடைய பெண் எருதை ஓட்டுகிறாள். சிறுபாணாற்றுப்படையில் அவர் வளர்த்த மந்தி, முத்தை உள்ளிட்ட கிளிஞ்சிலைக் கிலுகிலுப்பையாக ஆட்டி உமணர் சிறுவரோடு விளையாடுகிறது. பாலைக்கு வந்தவுடன் இவையெல்லாம் ஓய்ந்துவிடுகின்றன. எஞ்சியவை கரிபடிந்த மூன்று கல். இது தற்செயல் என்று யான் கருதவில்லை. பாலையின் உரிப்பொருள் பிரிவு. ஓரிரவு தங்கி, தீ மூட்டி, உண்டு, பின் நீங்கியோர் இட்ட அடுப்பைக் காட்டிலும் பிரிவிற்குத் தக்க கருப்பொருள் வேறு யாது? குறுந்தொகை 124-இல் தோழி தலைவனை நோக்கி, காடு இன்னாது என்று கூறித் தலைவியை விட்டுச் செல்கின்றாயே, நீ இல்லாத மனை மட்டும் இனிதாகுமோ என்று வினவுகிறாள். உமணர் நீங்கிய இடம் பாழூர் போன்றது என்னும் உவமை காட்டைப் பற்றியதாகத் தோன்றி, உள்ளே வீட்டைப் பற்றியதாகிறது. தலைவன் நீங்கியபின் மனையே பாழூர் ஆகும். வழியின் வருணனை என்று நாம் தாண்டிச் செல்லும் அடிகளே பாட்டின் வழக்கை முடித்து வைக்கின்றன.

இக்கருத்துக்கு மாறான சான்றுகளை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. அகம் 169-ஆம் பாட்டில், புலி கொன்று தின்று எஞ்சிய யானை ஊனை உமணர் எடுத்துச் சுனைநீரில் உலையேற்றுகின்றனர். அங்கே அவர் சென்றவர் அல்லர், கண்ணெதிரே நிற்பவர். 207-ஆம் பாட்டில், கடலோரத்துப் பாத்தியில் விளைந்த உப்பைக் குடபுலத்துக்குக் கழுதைகளின் முதுகில் ஏற்றிப் படைத்துணையோடு ஆடவர் செல்கின்றனர். எனவே பாலையில் உமணர் சுவடாகவே வருவர் என்று விதி கூறல் இயலாது. பெரும்பான்மை அவ்வாறு என்பதே யான் நோக்கிய அளவில் கூறத்தக்கது. ஆயினும் இவ்விரு பாட்டுகளும் வேறொன்றை வலியுறுத்துகின்றன. 169-இல் உலைக்கு இனிய நீர் தரும் சுனை உண்டு. 207-இல் கழுதையின் தேய்ந்த குளம்பு உதைத்துக் கல் புரண்ட பாதை உண்டு. மணல்வெளியிற் சுனையும் இல்லை, குளம்பால் புரளும் கல்லும் இல்லை. குடபுலம் என்பது கொங்கு நாடே என்று அறுதியிட அப்பாட்டில் இடமில்லை எனினும், உப்பு மேற்றிசை நோக்கி ஏறியது என்பது தெளிவு. உப்பு வணிகர் புலவர் கற்பனை அல்லர் என்பதற்குக் கல்லிலும் சான்றுண்டு. மதுரைக்கு வடக்கே அழகர்மலைக் குகையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் உப்பு வணிகன் ஒருவன் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது.

119-ஆம் பாட்டில் உமணர் அடுப்பில் ஊன் புழுக்கிய மழவர் யார்? புறநானூறு 88-ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் நெடுமான் அஞ்சியை மழவர் பெருமகன் என்கிறார். அஞ்சியின் ஊர் தகடூர், இன்றைய தருமபுரி. 1965 வரை அது சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தது. நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1997-இல். பிற்காலக் கல்வெட்டுகள் காவிரியின் வடகரையில் மழநாடு என ஒரு நாட்டைக் குறிக்கின்றன. இவற்றைக் கூட்டி நோக்கின், 119-ஆம் பாட்டின் சுரம் கொல்லிமலைக்கும் தகடூர்க்கும் இடைப்பட்ட வெளியாகலாம் என்னும் எண்ணம் எழுதல் இயல்பு. ஆனால் மாமூலனார் 61-ஆம் அகப்பாட்டில், வேங்கடத்துப் புல்லி மழபுலத்தை வணக்கினான் என்கிறார். மழவர் ஒரே வட்டாரத்துள் அடைபட்டவர் அல்லர். ஆகையால் இதனை முடிபாகக் கொள்ளாது கருதுகோளாகவே வைக்கிறேன்.

அதியமான் குடிக்கும் உப்பு வண்டிக்கும் உள்ள தொடர்பு இதனினும் உறுதியான பாட்டொன்றில் உண்டு. புறநானூறு 102-ஆம் பாட்டில் ஔவையார் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை, உமணர் தம் வண்டியின் கீழ் கட்டிச் செல்லும் சேம அச்சுக்கு உவமிக்கிறார். எருதுகள் இளையன, நுகம் பழகாதன. வண்டியிலோ பாரம் மிகுதி. பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, என்ன நேரும் என்று யார் அறிவார் என எண்ணி உமணர் அவ்வச்சைக் கட்டுகின்றனர். இவ்வுவமையை 'இடுக்கண் களையும் துணை' என்று ஒரு சொல்லில் விளக்கிவிட்டு அகல்கிறோம். அச்சு ஏன் வேண்டும் என்பதை வழியறிந்து கேட்டல் வேண்டும். கடற்கரையில் முறிந்தால் தச்சன் உளன். சமவெளியின் ஊர்களில் முறிந்தாலும் ஒருவாறு பிழைக்கலாம். ஊரற்ற சுரத்தில், அதுவும் மழையில் நனைந்தால் கரைந்தொழியும் சரக்கை ஏற்றிக்கொண்டு முறிந்தால் யாது செய்வது? பாலையின் அச்சம் முழுவதும் அந்த ஒரு மரத்துண்டிற் கட்டப்பட்டிருக்கிறது. பொகுட்டெழினி இளவரசன் என்பதையும் நினைக. ஓடிக்கொண்டிருக்கும் அச்சு தந்தையாகிய அஞ்சி. கீழே கட்டப்பட்டிருக்கும் அச்சு மைந்தன் என்று கொள்ளவும் இடமுண்டு. பழைய உரை இவ்வளவு தூரம் செல்லவில்லை. பாட்டு இதனைத் தடுக்கவுமில்லை.

நாமக்கல்லில் சரக்குந்து கட்டும் பட்டறைகளைப் பார்த்தவர்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு லாரியின் அடியிலும் தொங்கும் ஸ்டெப்னி அச்சேம அச்சின் வழித்தோன்றலே. இதனை வகுப்பிற் கூறியபோது, தந்தை லாரி ஓட்டுநராயிருந்த மாணவர் ஒருவர் 102-ஆம் பாட்டைப் பிறர் எவரினும் நன்றாக விளக்கினார்.

இதே ஔவையார் பெயரிலுள்ள குறுந்தொகை 388-ஆம் பாட்டும் உமணரை விடவில்லை. வேனிற் காட்டின் உலர்ந்த கிளைகள், உமணரின் எருதுகள் பூட்டிய வண்டி வரிசை போன்று நிற்கின்றன; அவற்றைப் பிளக்கவும் வலியற்ற யானை கையை மடித்து வருந்துகிறது; நும்மொடு வரின் அக்காடும் இனிது என்கிறாள் தோழி. பிரிவைக் கூறும் பாட்டில் உமணர் நீங்கிய வெற்றிடமும், உடன்போக்கைக் கூறும் பாட்டில் உமணர் வண்டியின் நீண்ட வரிசையும் உவமையாதல் நோக்கத்தக்கது. பிரிவோர்க்கு வழி வெறுமை. கூடிச் செல்வோர்க்கு அதே வழியில் மரங்களும் சாத்தாகி உடன் வருகின்றன. அகத்தும் புறத்தும் பாடிய ஔவையார் ஒருவரே என்னும் பொதுக்கொள்கை மெய்யாயின், தகடூர் அரசவையிற் பழகியவர் கண்ணில் உப்பு வண்டி நிலைத்திருந்தது என்று துணியலாம். அஞ்சியின் அரசு மலைநாட்டுள் ஒடுங்கியதன்று. 1981-இல் வெளிப்பட்ட சம்பைக் கல்வெட்டு, திருக்கோவலூரை அடுத்த பெண்ணையாற்றுப் பகுதியில் அவன் பெயரைக் காட்டுகிறது. கடற்கரைக்கும் தகடூர்க்கும் இடைப்பட்ட வழியில் அமைந்த இடம் அது.

பாலை பாடிய பெருங்கடுங்கோவைப் பற்றியும் ஒரு சொல். பாலையை இத்துணை மிகுதியாகப் பாடிய வேந்தர் வேறில்லை. பாலைக்கலியும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கருவூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைச் சேரரைக் கூறுகிறது. பாலை பாடிய பெருங்கடுங்கோவையும் மருதம் பாடிய இளங்கடுங்கோவையும் இப்பெயர்களோடு ஒன்றுபடுத்துவார் உளர். பெயரொப்புமை மட்டும் முடிந்த சான்றாகாது. ஆயினும் அம்மலையின்மேல் நின்று நோக்கின் காட்சி இருபாலாய்ப் பிரிகிறது. கீழே காவிரியின் இருமருங்கும் வயலும் வாழையும். ஆற்றுக்கு அப்பால் பரமத்தி, நாமக்கல் பக்கம் வேனிலில் வெளிறிக் கிடக்கும் மேட்டுநிலம். ஒரு குடியிற் பிறந்தோருள் ஒருவர் மருதத்தையும் ஒருவர் பாலையையும் பாடினர் எனின், இரண்டையும் அரண்மனை வாயிலிலிருந்தே கண்டிருத்தல் கூடும். பாலை வெறும் மரபு என்போர் இவ்விடத்தை ஒருமுறை சித்திரையிற் சென்று காண்க.

உப்பு வழியில் ஒருகால் எதிர்த்திசைப் பயணமும் நிகழ்ந்தது. 1930 ஏப்பிரல் 13-இல் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பு அள்ளப் புறப்பட்ட தொண்டர் படைக்குத் தலைவர் இராசகோபாலாச்சாரியார். அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியிற் பிறந்து சேலத்தில் வழக்கறிஞராயிருந்தவர். அப்படைக்கு வழிநடைப் பாட்டு எழுதியவர் மோகனூரிற் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. அவர்கள் ஏப்பிரல் 28-இல் வேதாரணியம் அடைந்து 30-இல் உப்பு அள்ளினர். உப்பு தம்மைத் தேடி வரும் வரை காத்திருந்த உள்நாட்டார், உப்பைத் தேடிக் கடற்கரைக்கு நடந்தனர். அதுவும் சித்திரை வெயிலில். அவ்வழிநடைப் பாட்டைத் தேசியப் பாடல் வரிசையில் மட்டும் வைத்து ஆராய்கிறோம். வழிச்செல்வோர் இலக்கியத்தின் தொடர்ச்சியில் வைத்து எவரேனும் ஆராய்தல் நன்று. இங்கு அதற்கு இடமில்லை.

அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மர் திணைக்கு எண் வகுத்தார். ஒற்றைப்பட்ட எண்கள் பாலை. பத்தின் மடங்குகள் நெய்தல். பாலைப்பாட்டு 200, நெய்தற்பாட்டு 40. இவ்வொழுங்கு மாணவர்க்கு எளிது. அதனாலேயே அதிற் கேடும் உண்டு. திணை திணையாகப் பாடம் நடத்தும்போது, 140-இல் புறப்பட்ட வண்டி 159-இல் அடுப்பை விட்டுச் செல்வதை எவரும் காண்பதில்லை. அடுத்த பருவத்தில் 30, 140, 390 ஆகிய நெய்தற்பாட்டுகளை 119, 159, 169, 207 ஆகிய பாலைப்பாட்டுகளோடும், புறநானூற்று 102, 116-ஆம் பாட்டுகளோடும் ஒரே தொடராக நடத்திப் பார்க்க எண்ணுகிறேன். 116-ஐச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பறம்பை இழந்த பாரி மகளிர் மேட்டில் ஏறி நின்று, வழியிற் செல்லும் உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகின்றனர். முற்றுகையிட்ட வேந்தரின் குதிரைகளை மலைமேல் நின்று எண்ணியவர் அவர். கபிலர் அதனைக் கண்டு வருந்துகிறார். அங்கே வண்டிகள் மேற்கே செல்கின்றனவோ, உப்பை விற்று நெல்லேற்றிக் கடற்கரைக்கு மீள்கின்றனவோ என்பதைப் பாட்டு கூறவில்லை.